குழாய்க்கு அப்புறம் ஃபில்டர் இல்லை

டர்போ காருக்கு இன்டர்கூலர் பைப் மாற்றக் கிளம்பியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

கோவை கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருப்பவன் எழுதுவது. ஒரு லேத், ஒரு டிக் வெல்டிங் செட், ஒரு டிரில்லிங் மெஷின், கூட இரண்டு பையன்கள். பம்ப்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்த பட்டறை இது. பத்துப் பன்னிரண்டு வருடமாக உங்கள் கார்களும் வாசலில் வந்து நிற்கின்றன. ரீமேப் செய்துவிட்டு வருகிறீர்கள். பெரிய இன்டர்கூலரைக் குழந்தை மாதிரி கையில் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி மட்டும் மாறுவதே இல்லை: "ஏங்ண்ணா, அலுமினியம் போட்டா கூலிங் அதிகமா, எஸ்.எஸ். போட்டா அதிகமா?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல். நீங்கள் கேட்கிற கேள்வியே தப்பு என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் பல வருடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் காற்றின் கணக்கு. வெளியே 35 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ அந்தக் காற்றை உறிஞ்சி 1 பார் பூஸ்ட்டுக்கு அழுத்துகிறது. சைக்கிள் பம்ப்பில் வேகமாகக் காற்றடித்தால் அடிப்பாகம் சுடுமே, அதே சூடுதான் இங்கேயும். கம்ப்ரசர் 70 சதவீதத் திறனோடு வேலை செய்தால், வெளியே வரும் காற்று ஏறக்குறைய 130 டிகிரி. பூஸ்ட்டை 1.5 பாருக்கு ஏற்றினால் 165-ஐத் தாண்டிவிடும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற குழாய் சூட்டுப் பக்கம். இன்டர்கூலரிலிருந்து என்ஜினுக்கு வருவது குளிர் பக்கம். குளிர் என்பது பேருக்குத்தான், அங்கேயும் 50, 60 டிகிரி இருக்கும்.

உங்கள் கவலை இந்தக் குளிர் பக்கத்தைப் பற்றியது. பானெட்டுக்குள் 80 டிகிரி அனல். அலுமினியம் சூட்டை நன்றாகக் கடத்தும், அதனால் பானெட் சூடு குழாய்க்குள் இறங்கி, இன்டர்கூலர் ஆற்றிக் கொடுத்த காற்றை மறுபடி காய்ச்சிவிடும் என்று ஒரு கட்சி. அலுமினியம் சூட்டை வெளியே கக்கும், போகிற வழியிலேயே இன்னும் கொஞ்சம் ஆறும் என்று எதிர்க் கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் என் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சண்டை போட்டிருக்கிறார்கள்.

அலுமினியம் எஸ்.எஸ்.ஸை விடப் பத்து மடங்கு நன்றாகச் சூடு கடத்தும் என்பது உண்மை. ஆனால் பானெட் காற்றில் இருக்கிற சூடு முதலில் குழாயின் மேல்தோலில் ஏற வேண்டும். அங்கே காற்றுதான் தரகர். காற்று சூட்டை மகா மெதுவாகக் கைமாற்றும். டோல்கேட்டில் ஒரே ஒரு கவுண்டர் திறந்திருக்கிறது, வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அதைத் தாண்டிய பிறகு ரோடு நாலு வழியாக இருந்தால் என்ன, எட்டு வழியாக இருந்தால் என்ன? அந்த ரோடுதான் ஒன்றரை மில்லிமீட்டர் உலோகச் சுவர். அலுமினியமோ எஸ்.எஸ்.ஸோ, உள்ளே போய்ச் சேருகிற சூடு ஒன்றுதான்.

அந்தச் சூடாவது எவ்வளவு? 1.3 லிட்டர் டீசல் என்ஜின் 4000 ஆர்.பி.எம்.மில் இழுக்கும்போது, 2 அங்குலக் குழாய்க்குள் காற்று நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு மீட்டர் குழாயை அது கடக்க நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். அதற்குள் எவ்வளவு சுட்டுவிடும்? நான் போட்டுப் பார்த்த கணக்கில் ஒரு டிகிரி கூடத் தேறவில்லை. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் குழாய் காயத்தான் செய்யும். ஆனால் கிளம்பி இரண்டாவது கியர் போடுவதற்குள் அந்தக் காற்று என்ஜினுக்குள் போய்விட்டிருக்கும். குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போனால் மட்டும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். அது எந்த உலோகத்துக்கும் பொதுவான வைத்தியம். இன்டர்கூலரை மட்டும் ஏன் அலுமினியத்தில் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். அதற்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய தகடுகள் இருக்கின்றன, முன்னாலிருந்து காற்று மோதுகிறது. வழவழப்பான குழாய்க்கு அந்தப் பரப்பளவு ஏது?

ஆக, கூலிங் பேச்சு முடிந்தது. பொருளைத் தேர்ந்தெடுக்க வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவற்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை. உள்பக்கத்திலிருந்து என்ன உதிரும்? முனைகளில் எது பிடித்து நிற்கும்?

காரின் ஏர் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். டர்போவுக்கு முன்னால். டர்போவைத் தாண்டிவிட்டால் சிலிண்டர் வரைக்கும் வடிகட்ட ஒன்றுமே கிடையாது. இன்டர்கூலர் ஏதோ கொஞ்சம் தேக்கி வைக்கும், அதுவும் சூட்டுப் பக்கத்துக் குப்பையை மட்டும். குளிர் பக்கக் குழாயின் உள்சுவரில் ஒட்டியிருக்கிற எதுவும் ஒரு நாள் பிஸ்டன் தலையில் போய் உட்காரும்.

இது எனக்கு ஒரு டீசல் கார் சொல்லிக்கொடுத்த பாடம். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. வேறெங்கோ பைப் போட்டு மூன்று மாதம் ஓட்டியிருக்கிறார்கள். "புல்லிங் இல்லீங்ண்ணா, ஆயிலும் குடிக்குது" என்றார் ஓட்டி வந்த பையன். பூஸ்ட் லீக்காக இருக்கும் என்று நினைத்துக் குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தேன். துணி பழுப்பாக வந்தது. விரலில் தேய்த்தால் நறநறவென்றது. மணல். குழாயை வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே மணலைக் கெட்டியாக நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, காய்ச்சி வளைப்பது நம் ஊரில் பழைய முறை. கேட் கம்பிக்கும் கட்டில் காலுக்கும் அருமையான முறை. ஆனால் காய்ச்சும்போது மணலில் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், தட்டினால் வராது. ஓட ஓட, அதிர அதிர, அது துளித்துளியாக உதிர்ந்திருக்கிறது. சிலிண்டரைத் திறந்தபோது சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். அந்தப் பையனுக்கு ஆன செலவை இங்கே எழுதினால் உங்களில் பாதிப் பேர் காரை விற்றுவிடுவீர்கள்.

அன்றிலிருந்து எந்தப் பொருளைப் பார்த்தாலும் உள்பக்கத்திலிருந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் எம்.எஸ். பைப் முதலிலேயே விழுந்துவிடுகிறது. சைலன்சர் கடைக்குப் போனால் அரை நாளில் வளைத்து வெல்டு வைத்துக் கொடுத்துவிடுவார்கள், விலையும் மலிவு. வெளியே பெயின்ட் அடிக்கலாம், பவுடர் கோட்டிங் கொடுக்கலாம். உள்ளே என்ன செய்வீர்கள்? மழைக்காலக் காற்றை அழுத்தி ஆற்றினால் ஈரம் பிரியும். இரவெல்லாம் அந்த ஈரத்தோடு குழாய் நிற்கும். துரு செதில் செதிலாக எழும்பும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று உப்புக் காற்று ஊர்களில் ஓடுகிற வண்டி என்றால் இன்னும் சீக்கிரம். கனமும் அதிகம்: 2 அங்குலக் குழாய் 1.6 மி.மீ. சுவரில், மீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. அதே அளவு அலுமினியம் 700 கிராம் கூட வராது.

எஸ்.எஸ். நல்ல பொருள். சூட்டுப் பக்கத்துக்கு, அதிலும் டர்போ வாயை ஒட்டிய துண்டுக்கு, நானே பல வண்டிகளில் போட்டிருக்கிறேன். 1.2 மி.மீ. சுவர் தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு இடத்தில் ஏமாறுவீர்கள். ஒன்று, ரகம். மாடிப்படி கைப்பிடிக்கு வாங்குகிற எஸ்.எஸ். குழாயில் பெரும்பாலும் 202 கிடைக்கும், நமக்கு வேண்டியது 304. காந்தத்தை வைத்துப் பார்த்து "ஒட்டலைங்ண்ணா, ஒரிஜினல்தான்" என்று வந்து நிற்கிறீர்கள். 202-லும் காந்தம் ஒட்டாது, தம்பி. அந்தச் சோதனை இந்த இரண்டுக்கும் செல்லுபடியாகாது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற சோதனை இரும்புக் கடைக்காரர்களிடமே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது ஏமாற்றம் வெல்டில். எஸ்.எஸ். வெல்டு வெளியே பார்க்க வானவில் மாதிரி அழகாக இருக்கும், உடனே போட்டோ எடுத்துக்கொள்வீர்கள். அதே ஜாயின்ட்டின் உள்பக்கத்துக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டு வைக்கும்போது குழாய்க்குள்ளும் ஆர்கான் வாயுவை ஓட விட்டிருந்தால் உள்பக்கமும் வெள்ளி மாதிரி இருக்கும். ஓட விடவில்லை என்றால் கருகிய கற்கண்டு மாதிரி பொரிந்து நிற்கும். அது ஆக்சைடு, நகத்தால் கீறினாலே தூளாக வரும். கைப்பிடிக்கு வெல்டு வைக்கிறவர் உள்ளே வாயு விட மாட்டார், அவருக்கு அது தேவையும் இல்லை. உங்களுக்குத் தேவை. முனையை டேப் ஒட்டி அடைத்து, ஒரு ட்யூபைச் சொருகி, ஆர்கான் ஓட விட்டு வெல்டு வைக்கச் சொல்லுங்கள். வாயுச் செலவுக்குக் கூடக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

அலுமினியம்தான் நான் வழக்கமாகச் சொல்வது. கூலிங்குக்காக இல்லை என்பதை மறுபடி சொல்லிக்கொள்கிறேன். துருப் பிடிக்காது, கனம் இல்லை, உள்ளிருந்து உதிராது, அறுக்கவும் ராவவும் சுலபம். 6061 அல்லது 6063 ரகம், 1.6-லிருந்து 2 மி.மீ. வரை சுவர், மேண்ட்ரல் பென்ட் போட்டு ரெடியாக வருகிற வளைவுகள். மேண்ட்ரல் என்பது வளைக்கும்போது உள்ளே ஒரு குண்டைத் தாங்கலாக விட்டு வளைப்பது. வளைவிலும் குழாய் உருண்டையாகவே நிற்கும். ஜன்னல் ஃபிரேம் கடையிலிருந்து மெல்லிசுக் குழாய் வாங்கி வராதீர்கள், கிளாம்ப் இறுக்கினாலே அமுங்கிவிடும்.

அலுமினியத்துக்குக் குணம் ஒன்று உண்டு: வெல்டரைச் சோதிக்கும். அதன் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடுத் தோல் படிந்திருக்கும். உலோகம் 660 டிகிரியில் உருகும், அந்தத் தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே கூழாகிவிட்டிருக்கும், மேலே தோல் அப்படியே இருக்கும். அதை உடைக்கத்தான் ஏசி மின்சாரத்தில் டிக் வைக்க வேண்டும். டிசி மட்டும் இருக்கிற செட்டை வைத்துக்கொண்டு "பண்ணிரலாம் விடுங்க" என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, நிரப்பு கம்பி. 4043, 5356 என்று இரண்டு ரகம் புழக்கத்தில் இருக்கின்றன. 5356 கொஞ்சம் பலம் கூடியது என்று சிலர் எல்லாவற்றுக்கும் அதையே போடுவார்கள். அதில் மக்னீசியம் அதிகம். 65 டிகிரிக்கு மேலேயே தொடர்ந்து சுடுகிற இடத்தில் அது நாளாவட்டத்தில் வெடிப்பு விடக்கூடியது. நம் சூட்டுப் பக்கம் 130 டிகிரி. 4043 போடச் சொல்லுங்கள். இந்த ஒரு வரியைச் சொன்னீர்களென்றால் வெல்டர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

வெல்டு வைத்த இடத்தில் 6061-இன் பலம் பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிடும் என்று படித்துவிட்டு ஒரு தங்கச்சி பயந்துபோய் வந்தாள். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். 1.5 பார் பூஸ்ட் அந்தக் குழாய்ச் சுவரில் உண்டாக்குகிற இழுவிசை, பலம் குறைந்த வெல்டு தாங்குவதில் ஐம்பதில் ஒரு பங்கு கூட இல்லை. பூஸ்ட்டால் அலுமினியக் குழாய் வெடிக்காது. வெடிப்பு விடுவது அதிர்வால். என்ஜின் தன் ரப்பர் மவுன்ட்டில் ஆடிக்கொண்டே இருக்கும், இன்டர்கூலர் பாடியோடு அசையாமல் நிற்கும். நடுவில் குழாயை ஒரு பிராக்கெட்டால் என்ஜினோடும் இன்னொரு பிராக்கெட்டால் பாடியோடும் சேர்த்துக் கட்டினால், தினமும் ஆயிரக்கணக்கான தடவை அதை முறுக்குகிறீர்கள். ஆரம்பத்தில் நானே அப்படிச் செய்தேன். நாலு மாதத்தில் பிராக்கெட் வெல்டு ஓரமாக மயிரிழைக் கோடு விழுந்து திரும்பி வந்தது. கட்டினால் ஒரு பக்கம் மட்டும் கட்டுங்கள், மறு பக்கத்தில் ஹோஸ் ஆடிக்கொடுக்கட்டும்.

இனி பி.வி.சி.

சிரிக்காதீர்கள், வருகிறார்கள். பிளம்பிங் கடையில் 2 அங்குலக் குழாய், எல்போ, சொல்யூஷன் டப்பா எல்லாம் சேர்த்து வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒட்டி, கறுப்பு ஸ்பிரே அடித்து மாட்டிக்கொண்டு. ஒரு தம்பி ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறியிருக்கிறான். 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலை. முழு லோடில், தாழ்ந்த கியரில், டர்போ ஓயாமல் ஊதிக்கொண்டே போகிற ஏற்றம். பாதி மலையில் 'டப்' என்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை, வண்டி நகரவில்லை. கழற்றிக்கொண்டு வந்த எல்போ இன்னும் என் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. நாள்பட்ட வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கமாகத் தொய்ந்திருக்கும்.

"வீட்ல மோட்டார் பிரஷரையே தாங்குதுங்ண்ணா, இதென்ன ஒன்றரை பார்" என்றான். நான் பேசவில்லை. டீக்கு வைத்திருந்த கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, கையகலத் துண்டு ஒன்றை அறுத்து உள்ளே போட்டேன். இரண்டு நிமிடம். குறட்டால் எடுத்து அவன் கையில் துணியோடு கொடுத்தேன். இரண்டு விரலால் அமுக்கினான், சப்பாத்தி மாவு மாதிரி மடங்கியது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிதான். சூட்டுப் பக்கம் 130.

குழாயின் மேல் அச்சடித்திருக்கிற பிரஷர், சாதாரணத் தண்ணீரின் சூட்டுக்குச் சொன்னது. 60 டிகிரிக்குப் போனால் அதில் கால்வாசி கூட நிற்காது. சுடுதண்ணீருக்குப் போடுகிற சி.பி.வி.சி. 90 டிகிரியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. "அப்ப குளிர் பக்கம் மட்டும் போடறேங்ண்ணா" என்பவர்களுக்கும் பதில் உண்டு. அழுத்திய தண்ணீர் குழாய் உடைந்தால் ஒழுகும். அழுத்திய காற்று குழாய் உடைந்தால் தெறிக்கும். பி.வி.சி. உடையும்போது கத்தி மாதிரி சில்லு சில்லாக உடையும், அதனால்தான் கம்ப்ரசர் லைனுக்கு அதைப் போடாதீர்கள் என்று குழாய் செய்கிறவர்களே எச்சரிக்கிறார்கள். சில்லு எந்தப் பக்கம் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஃபில்டர் இல்லை.

பி.வி.சி.க்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. பாதை பார்க்க. பானெட்டுக்குள் குழாய் எங்கே வளைய வேண்டும், எத்தனை டிகிரி, பேட்டரி தட்டுமா என்று பார்ப்பதற்கு மலிவான எல்போக்களை அடுக்கி ஒரு மாதிரி செய்து எடுத்து வாருங்கள். அதைப் பார்த்து அலுமினியத்தில் அறுத்துக் கொடுத்துவிடுவேன். உங்களுக்கும் பொருள் வீணாகாது. செட்டிப்பாளையம் கரி டிராக்கில் ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கார் கட்டுகிற கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அப்படித்தான் வருவார்கள். கையில் மாதிரி இருக்கும், எந்த ஜாயின்ட்டில் எந்த கிளாம்ப் என்று பேப்பரில் வரைந்தும் இருக்கும். அவர்கள் வேலை அரை நாளில் முடியும்.

தாமிரம் வேண்டாம், அலுமினியத்தை விட மூன்று மடங்குக்கு மேல் கனம், கடத்துவதால் லாபமும் இல்லை என்று பார்த்துவிட்டோம். டைட்டானியம் அழகு, வாங்கிக் கொடுத்தால் சந்தோஷமாக வெல்டு வைக்கிறேன். கார்பன் ஃபைபர் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் குழாயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அதைத்தான் நீங்கள் கேவலமாகப் பேசுகிறீர்கள். அது பக்கெட் பிளாஸ்டிக் இல்லை. பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். சூடு தாங்கும், உள்பக்கம் வழவழப்பு, உதிராது, வளைவுகளை என்ஜினுக்கென்றே வார்த்திருப்பார்கள். வருடக்கணக்காகச் சூட்டில் வெந்து ஆயிலில் ஊறினால் நொறுங்கத் தொடங்கும், ஜாயின்ட் ஓ-ரிங் கெட்டிப்படும். பூஸ்ட்டை அப்படியே வைத்திருக்கிறீர்கள், அல்லது லேசான ரீமேப்தான் என்றால், புதிதாக ஒரு ஒரிஜினல் குழாயும் ஓ-ரிங்கும் வாங்கி மாட்டுங்கள். எனக்குக் கூலி போகும், பரவாயில்லை. எதையும் மாற்றுவதற்கு முன் வாரன்டிப் புத்தகத்தையும் இன்ஷூரன்ஸையும் பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியைக் கம்பெனி சொன்ன விவரத்திலிருந்து மாற்றுவது பற்றித்தான் பேசுகிறது. அதையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி, முனை.

2.5 அங்குலக் குழாய், 1.5 பார் பூஸ்ட். குழாயின் வாய்ப் பரப்பை அழுத்தத்தால் பெருக்கிப் பார்த்தால், முனையை ஹோஸிலிருந்து பிடுங்கப் பார்க்கிற விசை ஏறக்குறைய 48 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. ஆக்சிலேட்டரை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வளைவு ஜாயின்ட்டிலும் ஒரு சிமென்ட் மூட்டையைத் தொங்கவிட்டு எடுக்கிறீர்கள். வழவழப்பான அலுமினிய முனையில் ஹோஸை மாட்டி, ஒரு சாதா கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் அது எத்தனை நாள் நிற்கும்? நான் முதன்முதலில் செய்து கொடுத்த வண்டி அவிநாசி ரோட்டில் ஒரே வாரத்தில் மூன்று தடவை கழற்றிக்கொண்டது. குழாய் என்னவோ முதல் தரம்.

அதற்குத்தான் முனையைச் சுற்றி ஒரு மேடு எழுப்ப வேண்டும். பீட் என்போம். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் உயரம் போதும். உருட்டி எழுப்புகிற கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெல்டு கம்பியால் சுற்றிலும் ஒரு வளையம் போட்டு ராவிவிடலாம். கிளாம்ப் அந்த மேட்டுக்கு உள்பக்கமாக உட்கார வேண்டும், மேட்டின் மேலே அல்ல. பெரிய பூஸ்ட் என்றால் டி-போல்ட் கிளாம்ப். சாதா கிளிப்தான் என்றால் உள்பட்டை வைத்தது வாங்குங்கள், இல்லையேல் பல் வெட்டிய துளைகளில் சிலிக்கான் பிதுங்கி அறுந்துவிடும். மாட்டுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஹோஸுக்குள் கிரீஸ் தடவுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். உள்ளே போக வழுக்குவது வெளியே வரவும் வழுக்கும். சோப்புத் தண்ணீர் தொட்டு மாட்டுங்கள், காய்ந்துவிடும்.

சிலிக்கான் ஹோஸ் பளபளவென்று நீலமும் சிவப்புமாக இருக்கிறது, குழாயே வேண்டாம், முழுக்க அதிலேயே போட்டுவிடலாமா என்று கேட்காதீர்கள். அது ஜாயின்ட்டுக்கான பொருள். நீளமாகப் போட்டால் பூஸ்ட்டில் பலூன் மாதிரி உப்பும், அந்த உப்பலை நிரப்பிய பிறகுதான் என்ஜினுக்குக் காற்று. அறுத்த முனையைப் பாருங்கள்: உள்ளே துணி அடுக்கு மூன்று, நான்கு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது ரேடியேட்டருக்குக் கூட ஆகாது. டர்போவுக்கு முன்னால், ஃபில்டர் பக்கத்தில், இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை: அங்கே உறிஞ்சல், சொத்தை ஹோஸ் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். டீசல்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிரான்க் கேஸ் ஆவியோடு ஆயில் எப்போதும் கொஞ்சம் இந்தக் குழாய்க்குள் வந்துகொண்டிருக்கும். சாதா சிலிக்கானுக்கு ஆயில் ஆகாது. ஊறி, மெத்தென்று ஆகி, வெளியே வியர்க்கும், கடைசியில் கிளாம்ப்பிலிருந்து நழுவும். உள்பக்கம் ஃப்ளூரோ சிலிக்கான் பூசிய ஹோஸ் கேளுங்கள். விலை கூடத்தான்.

குழாய் தயாரானதும் உடனே மாட்டாதீர்கள். பெட்ரோல் தொட்டுத் துணியை உள்ளே விட்டு இழுங்கள், ஏர் லைனில் ஊதுங்கள், மறுபடி துணி. ராவிய தூளும் அறுத்த பிசிறும் போய் துணி வெள்ளையாக வருகிற வரைக்கும். மாட்டிய பிறகு என்ஜினை ஓட விடாமல் டர்போ வாயை அடைத்து, அதன் வழியாக 1 பார் காற்றைக் கொடுத்து, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். அடைப்புக் கட்டையை நான் அலுமினியத்தில் கடைந்தே வைத்திருக்கிறேன். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ரோட்டில் கழற்றிக்கொள்ளும். அரை மணி நேர வேலை. இதற்குக் கூலி வாங்குவதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். "ரெண்டு இன்ச், தொண்ணூறு டிகிரி, ரெண்டு பீஸ், நைட்டுக்குள்ள வேணும்" என்று போனில் அளவு சொல்லாதீர்கள். குழாயை மட்டும் பையில் போட்டுக்கொண்டும் வராதீர்கள். வண்டியைக் கொண்டு வாருங்கள், காலையில் வாருங்கள், என்ஜின் ஆறியிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு.

இப்படிக்கு,
கணபதிப் பட்டறைக்காரன்